என் பெயரில் இரண்டு உறைகள்

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. மத்தியானத்திலிருந்து முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறேன். அடுக்களையில் இருக்கும் புகை மணி இரண்டு தடவை அலறிவிட்டது. இந்த நாட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

சாயங்காலம் நாச்சிமுத்து ஸ்வீட் பெட்டியோடு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், இங்கே தமிழ்ச் சங்கச் செயலாளர். எங்கள் மாவட்டமான வில்லோ கவுன்ட்டியின் பள்ளிக்கூட வாரியத்துக்குத் தேர்தலில் நிற்கிறார். வெள்ளைக்காரர்கள் வாயில் பெயர் நுழையாமல் 'நாச்சோ' என்கிறார்கள், இங்கே கொறிக்கும் ஒரு சோள வறுவலின் பெயர் அது. அவரும் ரோஷப்படாமல் அதையே போஸ்டரில் போட்டுவிட்டார்.

"இந்த ஊட்டுல ரெண்டு ஓட்டுங்களா அண்ணா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒமக்குத்தான் வே" என்றார் என் வீட்டுக்காரர்.

"அக்காவ ஒரு வார்த்தை கேக்க வேண்டாங்களா?"

"அவள என்னத்தக் கேக்க? நான் பாத்துக்கிடுதேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்த ஈடு முறுக்கு சிவந்துபோய்விட்டது. பிறகு சாப்பாட்டு மேசையில் ஏதோ காகிதத்தை விரித்து, பேனாவால் கட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். இன்சூரன்ஸாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் அவர்தான் பார்ப்பார். என் பெயருக்கு வரும் தபாலையும் அவர்தான் பிரிப்பார். என் கையெழுத்தையும் அவரே போட்டுவிடுவார். அமெரிக்காவுக்கு வந்த பதினொரு வருஷமாக அப்படித்தான், எனக்கும் வேலை மிச்சம்.

அக்டோபர் 25, சனி

இவர் மருந்துக் கம்பெனிக்குப் போயிருந்த நேரம் ஒரு அம்மாள் கதவைத் தட்டினாள். கறுப்பினத்தவள், எழுபது வயதிருக்கும். பெயர் வெர்னா. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவளாம். நாச்சிமுத்துவை எதிர்த்து நிற்பது இவள்தான்.

என் பெயரைக் கேட்டாள். உலகம்மாள் என்றேன். நாலு தடவை சொல்லிப் பார்த்து, ஐந்தாவது தடவை சரியாகச் சொல்லிவிட்டாள். என்ன வேலை என்றாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறேன் என்றேன்.

"அப்ப நீங்கதான் எனக்குச் சொல்லணும். அங்கே என்ன மாறணும்?" என்று கேட்டாள்.

 கறி சாப்பிடாத பிள்ளைகளுக்குத் தினமும் ரொட்டியும் வெண்ணெயும்தான் கிடைக்கிறது, மூன்று மணிக்கெல்லாம் வாடிப்போகிறார்கள் என்றேன். கையில் காகிதம் இல்லாமல் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள். போகும்போது அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். இந்த நாட்டின் தெற்கே அந்தக் காலத்தில் கறுப்பினத்தவர் ஓட்டுக்குப் பதியப் போனால் அரசியல் சாசனத்தில் ஒரு பக்கத்தை ஒப்பிக்கச் சொல்வார்களாம். அம்மா ஒப்பித்தாளாம். மூச்சு வாங்கின இடம் தப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

இவரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஒருத்தி வந்தாள், தண்ணீர் குடித்தாள், போனாள்.

நவம்பர் 4, செவ்வாய்

கறிவேப்பிலை வாங்கத்தான் போனேன். போகிற வழியில் நூலகத்தில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நமக்கும் ஓட்டு இருக்கிறதே, இவருக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று உள்ளே போனேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

லைசென்ஸைக் காட்டினேன். மேசையிலிருந்த கிழவர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்கள் தபால் ஓட்டு ஏற்கெனவே வந்துவிட்டதே" என்றார்.

"நான் எதுவும் அனுப்பலையே" என்றேன். அனுப்பவில்லை, சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்.

அவர் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். இந்தத் தேர்தலில் நான் வேறு எங்கும் ஓட்டுப் போடவில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டேன். பத்தாம் வகுப்பிலிருந்து நான் போடும் கையெழுத்து, தமிழில். ஓட்டுச் சீட்டைத் தனி உறையில் வைத்து ஒட்டச் சொன்னார். விசாரித்த பிறகுதான் பிரிப்பார்களாம்.

கார் நிறுத்துமிடம் வரை வந்த பிறகுதான் அந்த முறுக்கு சுட்ட நாள் ஞாபகம் வந்தது. அந்தக் கறுப்புக் கட்டங்கள் இன்சூரன்ஸ் இல்லை, தபாலில் வீட்டுக்கு வந்த ஓட்டுச் சீட்டு. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், "கறிவேப்பில எங்க?" என்றார் இவர்.

"தீந்துபோச்சாம்" என்றேன்.

யாருக்குப் போட்டேன் என்று இதில்கூட எழுத மாட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

நாச்சிமுத்துவும் வெர்னாவும் சரிசமம். ஒரு ஓட்டுகூட வித்தியாசம் இல்லை. இவர் போனைக் கீழே வைக்கவே இல்லை. நான் ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

தேர்தல் அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம். வழக்கம்போல் இவர்தான் பிரித்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். காகிதம் சரசரப்பது நின்றது. நானும் குழாயை மூடினேன்.

"ஏளா, நீ ஓட்டுப் போடப் போனியா?"

"கறிவேப்பில வாங்கப் போனேன். அந்த வழியாத்தான்..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்."

அவர் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு அவர் கத்தியிருக்கலாம்.

கடிதத்தில் இருப்பது இதுதான். என் பெயரில் இரண்டு உறைகள் இருக்கின்றன. ஒன்று தபாலில் வந்தது, ஒன்று நான் நூலகத்தில் கொடுத்தது. இரண்டையும் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். தபால் உறையிலுள்ள கையெழுத்து அவர்கள் பதிவோடு பொருந்துகிறதாம். நூலகத்துக் கையெழுத்து பொருந்தவில்லையாம். எப்படிப் பொருந்தும்? நான் குடியுரிமை வாங்கின மறுவாரம் வாக்காளர் பதிவுக்கு என் பெயரில் கையெழுத்துப் போட்டதே இவர்தான். தமிழில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவான் என்று இங்கிலீஷில் அழகாகச் சுழித்துப் போட்டார். ஆக, அவர் போட்டது அசல், நான் போட்டது போலி. யாரோ ஒருத்தி உலகம்மாள் என்று சொல்லிக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டிருக்கிறாள் என்று சந்தேகப்படுகிறார்கள். அந்த ஒருத்தி நான்.

கொஞ்ச நேரம் கழித்து இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதப் பிரிச்சாலும் நம்ம ஓட்டுதானளா. நாச்சி ஜெயிச்சான்னு வச்சுக்கோ."

"ஆமா" என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

இவர் சிரிப்பு நாலு நாள்கூட நிற்கவில்லை. நாச்சிமுத்து தன் வக்கீலைக் கூட்டி வந்தார். டை கட்டின சின்ன வயசுக்காரர். வடையைத் தட்டில் கத்தி வைத்து வெட்டிச் சாப்பிட்டார்.

ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் ஓட்டு உறையில் போடுவது குற்றம் என்றார். புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் குற்றம்தான், ஜெயில் வரைக்கும் போகலாம் என்றார். இவர் முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் எல்லாக் காகிதமும் இப்படித்தான் என்று சொல்லப் பார்த்தார். வக்கீல் கையைக் காட்டி நிறுத்தினார்.

அப்புறம் மெதுவாக ஒரு வழியைச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர், தனக்கு நம்பிக்கையான ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். கறுப்பின மக்கள் அடியும் உதையும் பட்டு வாங்கின ஓட்டுரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதாம்.

"இப்படிச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி நடந்திருந்தால் உங்கள் கணவருக்கு நல்லது, அவ்வளவுதான்" என்று என்னைப் பார்த்தார்.

"அக்காவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்களே?" என்றார் நாச்சிமுத்து.

"ஆமா, வராது" என்றார் இவர்.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எத்தனையோ பேர் ரத்தம் சிந்தி வாங்கின சட்டம், எங்கள் வீட்டுப் பொய்க்கு முட்டுக் கொடுக்க வந்து நிற்கிறது. வெர்னாவின் அம்மாவை நினைத்துக்கொண்டேன். படித்தவளைப் படிக்காதவள் என்று விரட்டினார்கள் அன்றைக்கு. என்னை நானே சொல்லிக்கொள்ள வேண்டுமாம்.

நவம்பர் 17, திங்கள்

அழைப்பு மணி அடித்தாலே ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறேன். இன்று வந்தவன் பக்கத்து வீட்டுப் பார்சலைக் கொடுக்க வந்தவன்.

நவம்பர் 20, வியாழன்

சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது கோட்டு போட்ட ஒருவர் வந்து என் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தைக் கையில் வைத்தார். சம்மன். அந்த இரண்டு உறைகளின் வழக்கில் சாட்சி சொல்ல வர வேண்டுமாம், டிசம்பர் ஒன்பது, கவுன்ட்டி நீதிமன்றம். வரிசையில் நின்ற ஒரு சிறுமி, "உங்களுக்குப் பிறந்த நாளா?" என்று கேட்டாள். கரண்டி என் கையிலிருந்து நழுவி, சோளம் தரையெல்லாம் சிதறியது.

இவருக்கும் சம்மன் வந்திருக்கிறது. பையனுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். டெக்சாஸில் புது வேலையில் சேர்ந்திருக்கிறான், எதற்கு அவனையும் கலங்கடிக்க வேண்டும்?

நவம்பர் 27, வியாழன்

நன்றி சொல்லும் நாள் என்று ஊரே வான்கோழி சமைக்கிறது. நாங்கள் சாப்பாட்டு மேசையில் பாடம் படித்தோம்.

"ஜட்ஜ் கேப்பாவ, நீ என்ன சொல்லணும்?"

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது."

"பொறவு?"

"நான்தான் எங்க வீட்டுக்காரரைப் போடச் சொன்னேன்."

"கண்ணப் பாத்துச் சொல்லு. தரையப் பாக்காத."

இரண்டு வருஷத்துக்கு முன் இதே மேசையில்தான் குடியுரிமைத் தேர்வுக்கு நூறு கேள்விகளையும் சொல்லிக்கொடுத்தார். சலிக்கவே மாட்டார். நான் தப்பாகச் சொன்னால் தானே தப்பு செய்ததுபோல் தலையில் அடித்துக்கொள்வார். தேர்வில், இங்கிலீஷில் ஒரு வாக்கியம் வாசி, ஒரு வாக்கியம் எழுது என்றார் அதிகாரி. வாசித்தேன், எழுதினேன். உறுதிமொழி எடுத்த அன்று இவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அன்றைக்கு வாசிக்கத் தெரியும் என்று காட்டிக் குடியுரிமை வாங்கினேன். இன்றைக்கு வாசிக்கத் தெரியாது என்று நீதிபதி முன்னால் சொல்லப் போகிறேன். இரண்டில் ஒன்று பொய் என்று யாராவது கேட்டால்? வாங்கினதைப் பிடுங்கிக்கொண்டால்? இவரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் யாரு தோண்டப் போறா? நான் பாத்துக்கிடுதேன்" என்றார். குரலில் சுரத்தில்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. ஜன்னல் ஓரம் ஐந்து விளக்கு ஏற்றினேன். வெளியே பனி.

இவர் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. "ஏளா, ஜெயில்ல சோறு போடுவானா, ரொட்டிதானா?" என்றார். நான் சிரிப்பேன் என்று நினைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட மனுஷனைக் காட்டிக்கொடுக்க முடியுமா? நான் பாடத்தையே ஒப்பித்துவிடுகிறேன். தபால் உறையைப் பிரிக்கட்டும், நூலகத்து உறையைக் குப்பையில் போடட்டும். எல்லாருக்கும் நல்லது. யாருக்கும் எதுவும் தெரியவராது.

டிசம்பர் 8, திங்கள்

நாளை. பச்சைப் புடவையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். வேறு எதுவும் எழுத வரவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

சாட்சிகள் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாதாம். இவரை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு கனத்த கதவு, ஒரு சத்தமும் வரவில்லை. உள்ளே பாடத்தைத்தான் ஒப்பித்துக்கொண்டிருப்பார். நான் மாற்றிச் சொன்னால் அவர் சொன்னது பொய்ச் சாட்சியாகிவிடும், ஒரு குற்றம் இரண்டாகிவிடும். புடவைக் கொசுவத்தைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண், நரைத்த குட்டை முடி. நாச்சிமுத்துவுக்குப் பின்னால் சங்கத்துக்காரர்கள் இரண்டு வரிசை. இந்தப் பக்கம் வெர்னா. இவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மொழிபெயர்க்க ஒருவரைப் போனில் வைத்திருந்தார்கள், குரலைக் கேட்டால் யாழ்ப்பாணத்துக்காரர்.

"அம்மா, நீதிபதி கேக்கிறா. உங்களுக்கு மொழிபெயர்ப்பு வேணுமோ?"

அந்த இடத்தில்தான் 'வேணும்' என்று சொல்லியிருக்க வேண்டும். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எனக்கு எதிரே சுவரில் இங்கிலீஷில் ஏதோ பொறித்திருந்தது. என்னை அறியாமல் அதை வாசித்துவிட்டேன். உதடு அசைந்ததை நீதிபதி பார்த்துவிட்டார். வாசிக்கத் தெரிந்த கண் வாசித்துவிடுகிறது, நான் என்ன செய்ய?

"வேண்டாம். எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். 

தபால் உறையைக் காட்டினார்கள். இது என் கையெழுத்து இல்லை என்றேன். யாருடையது என்றார்கள். வீட்டுக்காரருடையது என்றேன், எல்லாக் காகிதத்திலும் போடுவதுபோல் இதிலும் போட்டுவிட்டார், கெட்ட எண்ணம் இல்லை என்றேன். ஒரு வெள்ளைக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உலகம்மாள் என்று தமிழில் போட்டேன். 'ம்' கோணிவிட்டது. நூலகத்து உறையோடும் என் லைசென்ஸோடும் குடியுரிமைச் சான்றிதழோடும் வைத்துப் பார்த்தார்கள். இவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள் கணவரும் இதையேதான் சொன்னார்" என்றார்.

 திரும்பிப் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

தபால் உறையைப் பிரிக்கக் கூடாது, நூலகத்து உறைதான் என் ஓட்டு என்று நீதிபதி சொன்னார். கையெழுத்துப் போட்ட விவகாரம் அரசு வக்கீலுக்குப் போகும், அது தனி. இவருக்கு என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது.

வெர்னாவின் வக்கீல் எழுந்து, அந்த உறையையும் பிரிக்கக் கூடாது, சமமாகவே விட்டுச் சீட்டுக் குலுக்கி ஜெயித்தவரை எடுக்க வேண்டும் என்று வாதாடினார். நாச்சிமுத்துவின் வக்கீல் பிரித்தே ஆக வேண்டும் என்றார். இரண்டு பேரும் எங்கள் வீட்டு ஓட்டு எங்கே போகும் என்று தங்களுக்குத் தெரியும் என்றே பேசினார்கள்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "இது ஒரே ஒரு ஓட்டு. இங்கே பிரித்தால் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதை மறைத்து வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேண்டாம் என்றால் பிரிக்க மாட்டேன். எண்ண வேண்டுமா?"

சங்கத்துக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்கள். நாச்சிமுத்து கட்டைவிரலை உயர்த்தினார். இவரும் நிமிர்ந்தார். அழுத கண்ணோடு சிரித்து, "சொல்லு, எண்ணச் சொல்லு" என்று வாயசைத்தார்.  வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்குப் போய் இட்லிக்கு ஊறப்போடலாம்.

"எண்ணுங்க" என்றேன். தமிழில்தான் வந்தது. போனில் இருந்தவர் அதை இங்கிலீஷில் சொன்னார்.

குமாஸ்தா உறையைக் கத்தரித்தார். சீட்டை நீதிபதி பார்த்தார், இரண்டு வக்கீல்களும் பார்த்தார்கள். பிரிக்கக் கூடாது என்று மன்றாடின வக்கீல் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "வெர்னா" என்று குமாஸ்தா வாசித்தார்.

நாச்சிமுத்து என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தார்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். பனி விழுந்துகொண்டிருந்தது. பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஒனக்குப் படிக்கத் தெரியாதுன்னு கோர்ட்ல சொல்ல எனக்கு வாய் வரலளா" என்றார். "நூறு கேள்வியும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

நான் அழுதேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு மாசமா நீ தூங்கல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஜெயிலுக்குப் பயந்தியா?"

"இல்ல."

"குடியுரிமை போயிருமின்னா?"

"அதுவும்தான். அது பெருசில்ல."

"பொறவு யாருக்குப் பயந்த?"

"உங்களுக்குத்தான்" என்றேன்.

என்னை ஒரு நாள்கூடக் கை நீட்டி அடித்ததில்லை அவர். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். திறந்த வாயைச் சொல்லாமலே மூடிக்கொண்டார். கண்ணாடியில் விழுந்த பனியைத் துடைப்பான் தள்ளிக்கொண்டே இருந்தது.

"இப்பவுமா?" என்று கேட்டார்.

"இப்பவும்தான்" என்றேன்.

அவர் வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை.